கண்ணாடியை மறைத்த பூனை

அத்தியாயம் 6

*விதி 9: அசிங்கமான கட்டத்தை ஒளிக்காதே. எல்லாப் படமும் ஒரு காலத்தில் அசிங்கமாக இருந்ததுதான்.*
*(பாதிக்கிணறு குழுவின் அறிவிப்புப் பலகையிலிருந்து)*

நூற்றிருபது வாய்கள் அவர்களைப் பார்த்துத் திறந்திருந்தன.

எல்லாம் பிளாஸ்டர். அலமாரியில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஓர் எண் எழுதியிருந்தது. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் உள்ள அறை அது. ஒரே ஒரு ஜன்னல். மாப்பிள்ளை மேல் வரிசையைப் பார்த்தார். கீழ் வரிசையைப் பார்த்தார். பிறகு தன் வாயை மூடிக்கொண்டார்.

"அதிசயம்," என்றார் ஆராய்ச்சி. "என் தங்கச்சியைக் கட்டின இந்தப் பதினோரு வருஷத்துல இதுதான் முதல் தடவை."

ஆராய்ச்சி என்பது பட்டப்பெயர். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பொய்க் கணக்கு காட்டுபவர்களைப் பிடித்துக் கொடுத்து, அது சலித்து, சொந்தமாகத் துப்பறிய வந்தவர். மாப்பிள்ளை என்பது உறவு. மனைவியின் அண்ணனிடமே உதவியாளராக இருக்கும் மாப்பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை கிடைக்குமோ, அவ்வளவு அவருக்குக் கிடைத்தது.

எதிரே ஸ்டூலில் இருந்த பெண், பல்செட் செய்பவர். டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். மெழுகில் பல் நட்டு, இளஞ்சிவப்புப் பிசினில் ஈறு வைத்து முடிப்பது இவர் வேலை. நாற்பத்திரண்டு வயது. மூன்று நாள் தூங்காத முகம்.

"குழுவுல இருந்து என்னை வெளியேத்தலாமான்னு நாலு மணிக்கு ஓட்டெடுப்பு," என்றார். "இப்ப பதினொண்ணு."

"முதல்ல இருந்து சொல்லுங்கம்மா."

அவர் போனை நீட்டினார். பாதிக்கிணறு என்பது இணையத்தில் ஓவியர்களுக்கான ஒரு குழு. பன்னிரண்டாயிரம் பேர். முடிந்த படத்துக்கு அங்கே மதிப்பில்லை. பாதியில் நிற்கிற படத்தைத்தான் காட்ட வேண்டும். அதற்குப் பதினான்கு விதிகள்.

மாப்பிள்ளை வாசித்தார். "'படம் பாதி தாண்டும் முன் முதல் போட்டோ வர வேண்டும்.' சரி. 'ஒவ்வொரு போட்டோவிலும் அன்றைய சொல் எழுதிய சீட்டு இருக்க வேண்டும்.' அது என்னக்கா?"

"தினம் காலையில ஆறு மணிக்குக் குழுவுல ஒரு சொல் போடுவாங்க. அதை நம்ம கையால எழுதி, படத்துப் பக்கத்துல வச்சு போட்டோ எடுக்கணும். அன்னைக்கு எடுத்ததுதான்னு அதுதான் சாட்சி."

"'பச்சைக் கொடி: சும்மா பாருங்கள். மஞ்சள்: பார்த்துச் சொல்லுங்கள். சிவப்பு: கிழித்துத் தொங்கவிடுங்கள்.' ஆஹா! மச்சான், நம்ம வீட்டு சமையலுக்கும் இப்படி ஒரு கொடி இருந்தா நான் எத்தனை சண்டை தவிர்த்திருப்பேன்!"

"தங்கச்சிகிட்ட சொல்றேன்."

"பச்சை, மச்சான். நான் சொன்னது பச்சை."

பெண் சிரிக்கவில்லை. "நான் ஆறு வருஷமா அதுல வேடிக்கை பார்க்கிறவ. ஒண்ணும் போட்டதில்ல. பாதிப் படத்தைக் காட்ட வெட்கம். பிளாஸ்டர் இறுக முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்துல இங்கேயே வரைவேன். இந்த ஒரு படம்தான் முடிஞ்சுது. முடிச்சும் ஒண்ணரை மாசம் அலமாரியில வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். போன வாரம் தைரியம் வந்து, மூணு கட்டத்தையும் மொத்தமா போட்டேன். சீட்டு இல்ல. பத்தே நிமிஷத்துல திருட்டுன்னு சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"அதே படத்தை இன்னொருத்தர் ஒரு மாசமா போட்டுக்கிட்டு வர்றார். நாலு கட்டம். நாலுலயும் சீட்டு. நான் பார்க்கவே இல்ல. என் படம் முடிஞ்சதும் பயத்துல அந்தப் பக்கமே போகல."

"உங்க போன்ல தேதி இருக்குமே?"

"தேதியை மாத்தலாம்னு சொல்றாங்க. அதுக்குத்தானே சீட்டு வச்சோம்ங்கறாங்க."

"வெளியேத்தினா என்ன ஆகும்?" என்றார் மாப்பிள்ளை. "இன்னொரு குழுவுல சேர்ந்துட்டுப் போகலாமேக்கா."

அவர் கையிலிருந்த மெழுகுக் கத்தியைத் துடைத்தார். அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் துடைத்தார்.

"என் பொண்ணும் அதுல இருக்கா. ஓவியக் கல்லூரி, ரெண்டாம் வருஷம். நேத்து போன் பண்ணினா. 'அம்மா, நிஜமாவே நீதான் வரைஞ்சியா'ன்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"வச்சிட்டேன்."

 

ஆராய்ச்சி எழுந்து, அலமாரியில் சாய்த்திருந்த படத்தின் முன்னால் போய் நின்றார். முடிதிருத்தும் கடை, மதிய வெயில். நாற்காலியில் ஒருவர் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால், சீப்பு வைக்கும் பலகையில், கொழுத்த சாம்பல் பூனை. கண்ணாடியில் முகம் தெரிய வேண்டிய இடத்தை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது.

"நல்ல பூனை," என்றார் மாப்பிள்ளை. "நம்ம வீட்ல டிவியை மறைச்சுக்கிட்டு நிக்கிற நம்ம மாமியார் மாதிரி."

"அது எங்கம்மா," என்றார் ஆராய்ச்சி.

"மரியாதையாத்தான் சொன்னேன்."

ஆராய்ச்சி போனில் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தார். எதிராளியின் பட்டப்பெயர் ஸ்கேல் சார். கணக்கு வாத்தியார். முதல் கட்டம், வெறும் பென்சில் கோடு. அதிலேயே பூனை இருந்தது. இந்தப் பெண்ணின் பென்சில் கோட்டில் பூனை இல்லை. கண்ணாடி மட்டும்.

"இதைத்தான் பெரிய சாட்சியா சொல்றாங்க," என்றார் பெண். "காப்பி அடிச்ச அவசரத்துல பூனையை மறந்துட்டு, அப்புறம் சேர்த்தேனாம்."

"குழுவுல யார் யார் என்ன சொன்னாங்க?"

"ஏழு பேர் கமிட்டி. ஆறு பேர் வெளியேத்தணும்னாங்க. ஒருத்தர் மட்டும், புது ஆள், தெரியாம பண்ணியிருப்பாங்க, விட்டுடுவோம்னார்."

"யாரு அந்தப் புண்ணியவான்?"

"ஸ்கேல் சார்தான்."

"தங்கமான மனுஷன்," என்றார் மாப்பிள்ளை.

"மாப்ளே, போன மாசம் உங்க செருப்பு தொலைஞ்சப்போ என்ன பண்ணினீங்க?"

"தெருவையே கூட்டினேன்."

"ஒத்தைச் செருப்புக்கு. பறிகொடுத்தவன் கத்துவான். இந்த ஆள் ஒரு மாச உழைப்பைப் பறிகொடுத்துட்டு, விட்டுடுவோம்ங்கறார்." ஆராய்ச்சி பெண் பக்கம் திரும்பினார். "பூனை எப்பம்மா பொறந்துச்சு?"

பெண் தரையைப் பார்த்தார்.

"காப்பி அடிக்கிறவனுக்கு முன்னால முழுப் படம் இருக்கும். இவ்வளவு பெரிய பூனையை எப்படி மறப்பான்? முதல் நாளே போட்டுடுவான். பூனை தாமதமா வந்திருக்குன்னா, அது வந்த காரணம் உங்ககிட்ட இருக்கு. மூணு கட்டம் போட்டிருக்கீங்க. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல ஒண்ணு குறையுது. எங்கே?"

"அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"அசிங்கமா இருந்துச்சு." குரல் இறங்கியது. "அந்தக் கண்ணாடியில ஒரு முகம் இருந்துச்சு. மூணு வாரம் வரைஞ்சேன். ஒரு நாள் ஈறுக்குக் கலக்கின பிசின் ஒரு சொட்டு, நேரா மூக்கு மேல விழுந்துச்சு. அது அஞ்சு நிமிஷத்துல கல்லாயிடும். பல்லுக்குச் செய்யறது, பெயர்த்தா வருமா? துணியோட கிழியும். வேற வழியில்லாம, அந்த மேட்டுக்கு மேல ஒரு பூனையை உட்கார வச்சேன்."

மாப்பிள்ளை பூனையை மரியாதையோடு பார்த்தார். "வேலைக்கு வந்த பூனையா இது!"

"அந்த முகம் எப்படி இருக்கும்?" என்றார் ஆராய்ச்சி.

"கன்னத்துல ஒரு பக்கம் நுரை. இன்னொரு பக்கம் சவரம் முடிஞ்சிருக்கும். இடது புருவத்துல குறுக்கா ஒரு தழும்பு." யோசிக்காமல் சொன்னார்.

ஆராய்ச்சி தலையாட்டினார். "படம் இந்த அறையை விட்டு வெளியே போச்சா?"

"இல்ல."

"இங்கே யார் வருவாங்க?"

"டாக்டர். பல் நிறம் பார்க்க நோயாளிங்க. வெளிச்சம் இந்த ஜன்னல்லதான் நல்லா இருக்கும். அந்த ஸ்டூல்ல உட்கார வச்சு, மாதிரிப் பல்லை வாய்க்குப் பக்கத்துல பிடிச்சுப் பார்ப்பேன்."

ஸ்டூலுக்கு நேர் எதிரே படம் இருந்தது.

"ஸ்கேல் சார் வந்தாரா?"

"தெரியாதே. எனக்கு எல்லாரும் நம்பர்தான். நான் வாயைப் பார்ப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன்."

மாப்பிள்ளை அதற்குள் ஸ்கேல் சாரின் பக்கத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். மற்றவர் போட்டோக்களைப் பார்ப்பதில் அவருக்கு அலுப்பே வராது. "மச்சான், ஒண்ணு கவனிச்சீங்களா? அஞ்சு வருஷ போட்டோவுல ஆள் உதட்டைத் திறக்கவே இல்ல. போன வாரம் பாருங்க. ஜன்னல் திறந்த மாதிரி சிரிக்கிறார்."

பெண் போனை வாங்கினார். விரலால் பெரிதாக்கினார். முகத்தைத் தள்ளிவிட்டு வாயை மட்டும் நடுவில் கொண்டுவந்தார்.

"நாப்பத்தேழு," என்றார்.

"வயசா?"

"நம்பர். இது என் பல்லு. மேல் வரிசையில இடது பக்கம் ரெண்டாவது லேசா திரும்பியிருக்கு பாருங்க. எல்லாம் நேரா இருந்தா பொய்ப்பல்னு தெரிஞ்சிடும். அதான் ஒண்ணை நான் திருப்பி வைப்பேன்." அவர் எழுந்து அலமாரியிலிருந்து நாற்பத்தேழாம் எண்ணை எடுத்து மேஜையில் வைத்தார்.   "ஒண்ணரை மாசத்துக்கு முன்னால எடுத்த அளவு."

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். "அக்கா, உங்க படத்தையும் எடுத்துக்கிட்டு, நீங்க செஞ்ச பல்லாலேயே சிரிக்கிறான். இப்படி ஒரு வாடிக்கையாளர் யாருக்கும் கிடைக்க மாட்டாங்க."

*

ஸ்கேல் சாரின் ட்யூஷன் அறை மாடியில் இருந்தது. இரண்டு பெஞ்சு, ஒரு கரும்பலகை. மேஜையில் பென்சில்கள் உயரவாரியாக. அவர் இவர்களை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். ஐம்பத்தைந்து வயது. திருடன் போல இல்லை. விடைத்தாளில் அரை மார்க் கூடுதலாகப் போட்டுவிட்டு வருத்தப்படுகிறவர் போல இருந்தார்.

படம் ஓவியத் தாங்கியில் இருந்தது. கோடுகள் எல்லாம் நேர். இவர் வரைந்த கடையில் தூசி இல்லை.

"சார், ஒரு சின்ன சந்தேகம்," என்றார் ஆராய்ச்சி. "இந்த நாற்காலியில இருக்கிறவர் முகம் எப்படி இருக்கும்?"

"முகமா? முகம் எதுக்கு? அங்கே பூனை இருக்கே."

"பூனைக்குப் பின்னால?"

"பின்னால... கண்ணாடி."

"கண்ணாடியில?"

ஸ்கேல் சார் தன் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"வரைஞ்சவங்களுக்கு மறைஞ்சது என்னன்னு தெரியும் சார். பார்த்தவங்களுக்குப் பூனை மட்டும்தான் தெரியும்."

"இது ருசுவாகாது."

"ஆகாது," என்று ஆராய்ச்சி ஒப்புக்கொண்டார்.

"என் சீட்டு நாலும் சரியா இருக்கு. ஒவ்வொரு கட்டமும் நான்தான் வரைஞ்சேன், அன்னன்னைக்கு. யார் வேணா வந்து பார்க்கட்டும். அந்தப் பதினாலு விதியில பதினொண்ணு நான் எழுதினது. ஒண்ணைக்கூட நான் மீறல."

அது உண்மைதான். ஆராய்ச்சி வரும் வழியெல்லாம் சீட்டில்தான் பித்தலாட்டம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை பார்த்த பார்வை அவருக்கு அதை ஞாபகப்படுத்தியது.

"அப்புறம் ஏன் சார் அவங்களை மன்னிக்கச் சொன்னீங்க?"

ஸ்கேல் சார் பென்சில்களைப் பார்த்தார். அவை ஏற்கெனவே வரிசையில்தான் இருந்தன.

மாப்பிள்ளை இதற்குள் அறை மூலையில் சுவரைப் பார்த்துச் சாய்த்திருந்த கேன்வாஸ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டிருந்தார். பதினொன்று. எல்லாம் வெள்ளை. ஓரத்தில் தேதி மட்டும். முதல் தேதிக்கு நான்கு மாத வயது.

"இதெல்லாம் எந்தக் கட்டம் சார்?"

கிண்டலாகத்தான் கேட்டார். கேட்டபின் அவருக்கே அது பிடிக்கவில்லை. கடைசிக் கேன்வாஸை, எப்படி இருந்ததோ அப்படியே, மெல்லத் திருப்பி வைத்தார்.

"தொண்ணூறு நாள் எதுவும் போடலைன்னா வேடிக்கை பார்க்கிறவங்க வரிசைக்கு இறக்கிடுவோம்," என்றார் ஸ்கேல் சார். "அந்த விதியும் நான் எழுதினதுதான்." பிறகு நிமிர்ந்தார். "நாலு மணிக்கு ஓட்டு. நீங்க கிளம்புங்க."

*

படியிறங்கும்போதே ஆராய்ச்சி குழுவின் தலைவிக்குப் போன் செய்தார். அவர் ஓய்வு பெற்ற நர்ஸ். முழுக்கக் கேட்டார்.

"கதை நல்லா இருக்கு சார். ஆனா பூனை எப்ப வந்துச்சுங்கறது உங்க ஊகம். நாளைக்கு இன்னொருத்தர் யானையைக் கொண்டுவருவார். எனக்குக் கண்ணால பார்க்கணும். சீட்டோட."

மூன்றரைக்கு அறைக்குத் திரும்பினார்கள். விஷயத்தைச் சொன்னார்கள். பெண் நின்றுகொண்டே கேட்டார்.

"முன்னாலதான் டாக்டர் இருக்காரே," என்றார் மாப்பிள்ளை. "எக்ஸ்ரேல பூனையைக் காட்டினா என்ன? வயித்துல இருக்கிறது தெரியுமே."

"அந்தப் பிசின் எக்ஸ்ரேல தெரியாது தம்பி. விழுங்கினாக்கூடத் தெரியாது."

"பக்கத்துல விளக்கு பிடிச்சா மேடு நிழல் விழும்," என்றார் ஆராய்ச்சி. "அதைப் போட்டோ எடுத்து..."

"பெயின்ட் மேடுன்னு சொல்வாங்க மச்சான்."

"டர்பன்டைன் வச்சு ஓரத்துல மட்டும் பெயின்ட்டைக் கொஞ்சம் கரைச்சு..."

"ஓரத்துல வாலுதான் இருக்கு."

"தலைவிகிட்ட ஒரு நாள் தவணை கேட்கலாம். நான் பேசறேன். இந்தப் படத்துக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, ஒரே ஒரு படம் முடிச்சிருக்காங்க..."

கீறும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினார்கள்.

பெண் மெழுகுக் கத்தியைப் பூனையின் காதில் வைத்திருந்தார். முதல் இழுப்பில் காது போயிற்று. அடுத்ததில் தலை. அவர் அவசரப்படவில்லை. ஈறு ஓரம் சீவுகிற நிதானத்தில் சீவினார். சாம்பல் நிறச் சுருள்கள் மேஜையில் விழுந்தன.  

முதலில் ஒரு புருவம் வந்தது. குறுக்கே தழும்பு. பிறகு ஒரு கன்னம், நுரையோடு. நடுவில், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில், பட்டாணி அளவில், பளபளவென்று, ஆரோக்கியமான இளஞ்சிவப்பில் ஓர் ஈறு.

"இன்னைக்கு என்ன சொல்?" என்று கேட்டார் பெண்.

மாப்பிள்ளை போனைப் பார்த்தார். "குடை."

அவர் ஒரு மருந்துச்சீட்டின் பின்பக்கம் 'குடை' என்று எழுதினார். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். போட்டோ எடுத்தார். கீழே ஒரே வரி எழுதினார்: 'பூனைக்கு அடியில் இது இருந்தது. முன்பே காட்டியிருக்க வேண்டும்.' எந்தக் கொடி என்று குழு கேட்டது. சிவப்பை அழுத்தினார்.

மணி மூன்று நாற்பத்தொன்று.

மூன்று நிமிஷம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒருவர், 'மூக்கு பிரமாதம்' என்றார். பிறகு முப்பது பேர் ஒரே நேரத்தில் எழுதினார்கள். மூன்று ஐம்பதுக்குத் தலைவியின் அறிவிப்பு வந்தது. 'ஓட்டெடுப்பு ரத்து. ஸ்கேல் சார் விளக்கம் தர வேண்டும்.' நாலு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது விளக்கம் வந்தது. 'பூனை என்னுடையது அல்ல. கடையும் அல்ல. என் நான்கு கட்டங்களையும் எடுத்துவிடுகிறேன்.'

பெண்ணின் போன் அடித்தது. திரையில் 'குட்டி' என்று இருந்தது.

"எடுங்கக்கா, உங்க பொண்ணு."

"கையெல்லாம் பெயின்ட்டு. நீங்க எடுத்து, அம்மா அப்புறம் பேசுவாங்கன்னு சொல்லுங்க. ஒரு நாள் முழுக்க என்னைத் தவிக்க வச்சாள்ல, அவளும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

மாப்பிள்ளை எடுத்தார். "அம்மா பிஸிம்மா," என்றார் பெருமையாக. மறுமுனையில் அழுவது கேட்டதும் போனைத் தூரமாகப் பிடித்தார். பெண் அந்தக் கையோடேயே அதைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

ஐந்து மணி சுமாருக்குக் கதவு தட்டப்பட்டது. ஸ்கேல் சார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார். கன்னங்கள் உள்ளே போயிருந்தன.

"திருப்பிக் கொடுத்துட்டுப் போக வந்தேன்," என்றார். சொற்கள் காற்றாக வந்தன. "பல் நிறம் பார்க்க வந்த அன்னைக்கு உங்க படத்தைப் போன்ல ஒரு போட்டோ எடுத்தேன். நீங்க வெளியே காட்டாத ஆள், யார் கேட்கப் போறாங்கன்னு நினைச்சேன். இதை வச்சுக்கிட்டு சிரிக்க முடியல."

மாப்பிள்ளை ஆராய்ச்சியைப் பார்த்தார். ஆராய்ச்சி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். இதில் அவர்கள் இருவருக்கும் வேலை இல்லை.

பெண் டப்பாவைத் திறந்தார். மேல் வரிசையை வெளிச்சத்தில் பிடித்தார். உள்பக்கம் விரலை ஓட்டினார்.

"வலது பக்கம் உரசுதா?"

அவர் தலையசைத்தார்.

"போட்ட நாள்ல இருந்தேவா?"

"ஆமா."

"வந்து சொல்றதுக்கென்ன?"

 பெண் அரத்தை எடுத்தார். நாலு இழுப்பு. ஊதினார். மறுபடி விரலால் பார்த்தார். இன்னும் இரண்டு இழுப்பு. குழாயில் கழுவி நீட்டினார்.

"போட்டுக்குங்க. ஸ்டூல்ல உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். எதிரே படம் இருந்தது. பாதி முகமும் ஒரு புருவமும் அவரைப் பார்த்தன. அவர் பார்வையைத் திருப்பினார்.

"சிரிங்க, பார்க்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் பல்லைக் கடித்துக் காட்டினார். சரியாகப் பொருந்தியிருந்தது.